டிரைவர் மார்லென் நடந்து போகிறார்

எங்கள் ஆக்-தெரெக் ஊரில் ஒரு மனுஷன் சும்மா நடந்து போகக் கூடாது. குதிரையில் போகலாம். கழுதை வண்டியில் போகலாம். யாருடைய காரிலாவது ஆறாவது ஆளாக மடங்கி உட்கார்ந்தும் போகலாம். ஆடுகளை ஓட்டிக்கொண்டு நடந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். காணாமல் போன மாட்டைத் தேடி நடந்தால் அனுதாபம்கூடக் கிடைக்கும். முன்னாலும் பின்னாலும் ஒரு பிராணி இல்லாமல், கையை வீசிக்கொண்டு ஊர் எல்லை வரை போய் அப்படியே திரும்பி வந்தால், ஒன்று அவனுக்குக் கஷ்டகாலம், இல்லாவிட்டால் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊர் முடிவு கட்டிவிடும்.

மார்லெனுக்கு இது தெரியாதா என்ன? அப்படி நடந்து போகிறவர்களைப் பார்த்து எத்தனையோ தடவை பிரேக் போட்டவர்தானே அவர். ஆக்-தெரெக்கிலிருந்து கராகோலுக்குப் போகும் மினிபஸ் அவருடையது. மார்க்ஸையும் லெனினையும் சேர்த்துப் பிசைந்து பிள்ளைக்குப் பெயர் வைத்த காலத்தில் பிறந்தவர். அந்த இரண்டு பேரும் பள்ளிக்கூடச் சுவரிலிருந்து இறங்கிப் போய் எத்தனையோ காலம் ஆகிறது. மார்லென் மட்டும் டிரைவர் சீட்டை விட்டு இறங்கவில்லை.

அந்த சீட்டில் அவர் சந்தோஷமாக இருந்தார். காலையில் ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் மலை. முதுகுக்குப் பின்னால் ஊர் மொத்தமும் உட்கார்ந்து வாயடிக்கும். நிலக்கரி விலை, கரண்ட் கட், ரஷ்யாவுக்கு வேலைக்குப் போன பையன்கள், தலைநகரில் யார் யாரைத் தூக்கி உள்ளே போட்டார்கள் என்று ஆரம்பித்தால் கராகோல் சந்தை வரும் வரை ஓயாது. ஆளுங்கட்சி ஜன்னலோரம் உட்கார்ந்தால் எதிர்க்கட்சி நடுவில் உட்காரும். "நீங்க யார் பக்கம்ணே?" என்று யாராவது கொக்கி போட்டால், "நான் ரோட்டுக்கு வலது பக்கம். எடது பக்கம் போனா எல்லாரும் சேர்ந்து ஏரிக்குள்ள போயிடுவோம்" என்பார் மார்லென். அவருடைய அரசியல் அவ்வளவுதான். குழி மூடியவன் நல்லவன். அதுவும் அடுத்த மழை வரைக்கும்தான்.

இந்த சுகத்தில் மண் விழுந்தது கோடைக் கடைசியில். வருஷா வருஷம் டிரைவர்களுக்கு நடக்கும் மருத்துவப் பரிசோதனைக்குப் போனவரை இந்த முறை டாக்டரம்மா சுலபமாக விடவில்லை. கையில் பட்டையைக் கட்டி ரத்த அழுத்தம் பார்த்தார். நம்பிக்கையில்லாமல் இன்னொரு தடவை கட்டிப் பார்த்தார்.

"இப்படி இருந்தா நான் கையெழுத்துப் போட முடியாதுங்கய்யா. நீங்க மயங்கி விழுந்தா பின்னால இருக்கறவங்க கதி என்ன?"

"நான் இதுவரைக்கும் விழுந்ததில்லையே."

"முதல் தடவை விழறதுக்கு முன்னாடி எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. ஆப்பிள் பறிச்சு முடிஞ்சதும் திரும்ப வாங்க. அதுவரைக்கும் பழைய சீட்டு செல்லும். உப்பக் கொறைங்க. ஆட்டுக் கொழுப்பத் தொடவே தொடாதீங்க. தெனம் சாயங்காலம் நடங்க."

"எங்க நடக்குறது?"

"எங்கயாவது."

"சும்மாவா?"

"சும்மாதான்."

கையெழுத்து இல்லையென்றால் பஸ் இல்லை. பஸ் இல்லாத மார்லென் என்று ஒருவரை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. காலையில் எழுந்து அந்த ஆள் என்ன செய்வான்? பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பயமாகத்தான் இருந்தது.

அதே வாரத்தில் அவர் மனைவி புரூல் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை அவளுக்கு. கீழத்தெருக் குழாயில் தண்ணீர் வராததால் பிள்ளைகளுக்கு சூப் வைக்கக்கூட வாய்க்காலிலிருந்து சுமக்க வேண்டியிருந்தது. ஊர்க் கவுன்சிலில் போய்க் கேட்டாள். பார்க்கலாம் என்றார்கள். மறுபடி கேட்டாள். மறுபடி பார்க்கலாம் என்றார்கள்.

"கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது. தேர்தல்ல நிக்கப் போறேன். உள்ளயே போய் உக்காந்து கேட்டுடறேன்" என்றாள். கவுன்சிலில் பெண்களுக்கென்று ஒதுக்கிய இடங்கள் இருந்தன.

"நின்னுக்க" என்றார் மார்லென். அவருக்கு அவர் கவலை.

மறுநாள் சாயங்காலம் நடக்கப் புறப்பட்டார். தலைநகரில் இருக்கும் மகள் மீரிம் அனுப்பிய டிராக் சூட் ஒன்று பெட்டிக்குள் கிடந்தது. கிளிப்பச்சை நிறம். அதை மாட்டிக்கொண்டு, தலையில் வழக்கமான வெள்ளைக் கம்பளித் தொப்பியையும் வைத்துக்கொண்டு, பாப்ளார் மரங்களை ஒட்டி நடந்தார். ஊர் எல்லையைத் தொடுவதற்குள் வந்த வண்டி எல்லாம் நின்றது. கடைசியாக நின்றது உருளைக்கிழங்கு வியாபாரி ஓமோரின் பழைய கார்.

"ஏறுண்ணே."

"இல்லப்பா, நடக்குறேன்."

"பஸ் படுத்துருச்சா?"

"நல்லாத்தான் ஓடுது."

"மாடு காணாமப் போச்சா?"

"எல்லாம் கொட்டில்லதான் நிக்குது."

ஓமோர் அந்தப் பச்சை டிராக் சூட்டை மேலும் கீழும் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார். "அப்ப மதினிதான் வெரட்டிட்டாங்களா?"

"அட போப்பா, டாக்டர் நடக்கச் சொன்னாங்க."

"சரிண்ணே, சரி. அப்படியே இருக்கட்டும்" என்று அனுதாபத்தோடு தலையாட்டிவிட்டு ஓமோர் போனார். அப்படிப் போகிறவர் நேரே வீட்டுக்கா போவார்?

இரண்டே நாளில் அந்தச் செய்திக்குக் கண் காது மூக்கு எல்லாம் முளைத்துவிட்டது. தேர்தலில் நின்றதுமே புரூலுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டதாம். புருஷனைக் கட்டிய துணியோடு, அதுவும் எவனோ கொடுத்த பச்சைத் துணியோடு, வெளியே தள்ளிவிட்டாளாம். மார்லென் தினமும் சாயங்காலம் ஊர் எல்லை வரை போய் அழுதுவிட்டு வருகிறாராம். கடையில் மாவு வாங்கப் போன புரூலிடம் ஒருத்தி நேராகவே கேட்டுவிட்டாள். "ஒரு புருஷன வச்சுப் பாத்துக்க முடியல. நீ எங்க ஊருக் கொழாயப் பாத்துக்கப் போறியா?"

மாவு மூட்டையை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே வந்தாள் புரூல்.

"இனிமே நீங்க தனியா நடக்கக் கூடாது."

"டாக்டரம்மா..."

"நடக்கணும், அவ்வளவுதானே? எங்கூட நடங்க. நான் ஓட்டு கேட்டு வீடு வீடாப் போவணும். நீங்களும் வாங்க. ஒங்களுக்கு நடந்தாப்பலயும் ஆச்சு, நாம ஒண்ணாத்தான் இருக்கோம்னு ஊரு பாத்தாப்பலயும் ஆச்சு. அந்தப் பச்சையக் கழட்டிட்டு நல்ல சட்டையா போடுங்க."

கேட்கும்போது நல்ல யோசனையாகத்தான் இருந்தது. இரண்டு பேருமே ஒன்றை மறந்துவிட்டார்கள். எங்கள் ஊரில் ஒரு வீட்டு வாசலை மிதித்தால் ரொட்டியில் ஒரு துண்டாவது வாயில் வைக்காமல் வெளியே வர முடியாது. ஒரு துண்டு ரொட்டி என்பது பேச்சுக்குத்தான். உட்கார்ந்தால் வெண்ணெய் வரும், ஜாம் வரும், எண்ணெயில் பொரித்த போர்சோக் மாவுத் துண்டுகளை விரித்த துணி மேல் கொட்டுவார்கள், உப்புப் போட்ட பால் டீ வரும். பிறகு அடுப்படியில் ஏதோ கொதிக்கிற சத்தம் கேட்கும்.

இதில் இன்னொரு கூத்தும் இருந்தது. ஓட்டு கேட்டு வந்தவள் புரூல். வாசலுக்கு நேரெதிரே, மெத்தைகளை மடித்து அடுக்கியிருக்கும் மரியாதையான இடத்தில் உட்கார வைக்கப்பட்டவர் மார்லென். புரூலுக்குக் கதவோரம், டீ ஊற்றுகிற பெண்களுக்குப் பக்கத்தில் இடம். வீட்டுக்காரர் மார்லெனைப் பார்த்து, "கொழாய்க்கு என்ன பண்ணப் போறீங்க?" என்பார். மார்லென் புரூலைப் பார்ப்பார். கதவோரத்திலிருந்து அவள் விளக்கமாகச் சொல்வாள், பழைய பைப்பை எங்கே மாற்ற வேண்டும், மேலத்தெரு வால்வை யார் எப்போது திறந்து விடுகிறார்கள் என்று. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வீட்டுக்காரர் மார்லெனிடம், "நல்லா சொன்னீங்க" என்பார். மரியாதைக்கு வைக்கும் கறியோடு கூடிய நல்ல எலும்பும் மார்லென் முன்னால்தான் வந்து விழும்.

கொஞ்ச நாளிலேயே அவருக்கு பெல்ட்டில் ஒரு துளை கூடிவிட்டது. நடந்து கரைத்ததைவிட உட்கார்ந்து ஏற்றியது அதிகம். மீரிம் போனில் அழைத்தபோது அழுவதுபோல் சொன்னார். "ஓட்டு அம்மாவுக்கு, ஒடம்பு எனக்கும்மா."

"அப்பா, பையில கட்டிக்கிட்டு வாங்கப்பா. எல்லாரும்தான் கட்டிக்கிட்டு வர்றாங்க."

மகள் சொன்னது சரி. விருந்தில் தன் பங்கில் மீதி இருந்தால் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவது எங்களுக்குக் கௌரவக் குறைச்சல் இல்லை. கொண்டுபோகாவிட்டால்தான் கோபித்துக்கொள்வார்கள். அன்றிலிருந்து மார்லென் ரொட்டியை மட்டும் பிய்த்து வாயில் வைத்தார். எலும்பெல்லாம் பைக்குப் போனது, பையிலிருந்து கொட்டிலில் கட்டியிருந்த நாய்க்குப் போனது. டீயை உதட்டில் நனைத்துவிட்டு, குழாய் பிரச்சினையைப் பற்றித் தீவிரமாக யோசிப்பதுபோல் கிண்ணத்தைக் கையிலேயே வைத்திருந்தார். ஆப்பிள் பழுத்து முடியும்போது நாய் தடித்திருந்தது. மார்லென் இளைத்திருந்தார். படியேறும்போது மூச்சு வாங்குவது நின்றுவிட்டது. மருந்துக்கடையில் பட்டை கட்டிப் பார்த்தபோது அழுத்தமும் இறங்கியிருந்தது. அதிகமாக இல்லை, கையெழுத்துக்குப் போதுமான அளவு. பரிசோதனைக்கு முந்தின நாள் பஸ்ஸைக் கழுவும்போது அவர் தன்னையறியாமல் சீட்டி அடித்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு மத்தியானம்தான் மேலத்தெரு ஷர்ஷென் பெரியவர் ஆளனுப்பினார். ஆடு அறுத்தாயிற்று, புருஷனும் பெண்டாட்டியும் சாயங்காலம் வந்துவிட வேண்டும்.

ஷர்ஷென் வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியாது. மேலத்தெருவில் தண்ணீருக்குக் குறைவில்லை. அதனால் புரூலுக்கு ஓட்டுப் போட அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. ஷர்ஷெனும் அவர் தம்பிமாரும் ஒரு வார்த்தை சொன்னால் அந்தத் தெரு அப்படியே சாயும். சொல்லாவிட்டால் கீழத்தெரு ஓட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஜெயிக்க முடியாது. அவரே கூப்பிட்டு ஆடு அறுத்திருக்கிறார் என்றால் பாதி சம்மதம் என்றுதான் அர்த்தம்.

"ரொட்டி, அப்புறம் பை. மறந்துடாதீங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள் புரூல்.

ஷர்ஷெனும் தம்பிமாரும் விரிப்பைச் சுற்றி வயது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மார்லென் நடு இடத்துக்குப் போனார். புரூல் கதவோரத்துக்குப் போனாள். குழாய், வால்வு, பைப் எல்லாம் பேசியாயிற்று. "நல்லாத்தான் சொல்ற, மார்லென்" என்றார் ஷர்ஷென். தாம்பாளத்தில் இறைச்சி வந்தது. எலும்புகள் பங்கு பிரிந்தன. மார்லென் கை மெதுவாகப் பைக்குப் போனது.

அப்போதுதான் ஷர்ஷென் கத்தியை எடுத்தார். ஆட்டு வாலின் கொழுப்பில் ஒரு பெரிய துண்டு அரிந்து, மேலே ஈரல் வைத்து, இறைச்சிச் சாற்றில் முக்கி உள்ளங்கையில் அள்ளினார். ஊட்டிவிடப் போகிறார். பெரியவர் தன் கையால் ஊட்டுவதைப் பையில் போட முடியாது. வேண்டாம் என்று சொன்னவன் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. அதோடு முடிகிற விஷயமும் இல்லை. அண்ணன் கையில் வாங்கினால் தம்பிமார் கையிலும் வரிசையாக வாங்க வேண்டும். மார்லென் அந்த வரிசையைப் பார்த்தார். ஒவ்வொருவர் கையும் ஒரு கரண்டி அளவு இருந்தது. போன தடவை இப்படி ஒரு விருந்தில் தின்றுவிட்டுப் போய்த்தான் டாக்டரம்மாவிடம் மாட்டிக்கொண்டார்.

மார்லென் கதவோரம் திரும்பிப் பார்த்தார். புரூல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பகல் முழுக்கப் பள்ளிக்கூட அடுப்பு, அதற்குப் பிறகு வீடு வீடாக இந்த அலைச்சல். இவ்வளவு தூரம் வந்தவளை என் வாயால் தோற்கடிப்பதா என்று நினைத்தார். பஸ் போனால் போகட்டும். கண்ணை மூடி வாயைத் திறந்தார்.

"மாமா" என்றாள் புரூல்.

ஷர்ஷெனின் கை நடுவிலேயே நின்றது.

புரூல் எழுந்து வந்து, புருஷனுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். "மாமா, ஓட்டு கேட்டு வந்தது நானு. இவர் எனக்குத் துணைக்கு வந்தவரு. அந்தக் கை எம்பக்கம் வரட்டும்."

புருஷன் இருக்க, அவனுக்கு நீட்டிய மரியாதையை ஊருக்கு மருமகளாக வந்த ஒருத்தி கேட்டு வாங்கி யாரும் பார்த்ததில்லை. தம்பிமார் அண்ணனைப் பார்த்தார்கள். ஷர்ஷெனின் முகம் சிவந்தது. சாறு மணிக்கட்டில் வழிந்து சட்டைக் கைக்குள் இறங்கியது.

சமோவார் பக்கமிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "குடுங்களேன். எவ்வளவு நேரந்தான் கையத் தூக்கி வச்சுக்கிட்டே இருப்பீங்க? சட்டைய நாந்தானே தொவைக்கணும்."

டீ ஊற்றிக்கொண்டிருந்த பெண்களில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். ஷர்ஷென் புரூலை ஒரு தடவை உற்றுப் பார்த்தார். "பெருசா தொற" என்றார். அவள் திறந்தாள். தம்பிமாரும் வேறு வழியில்லாமல் வரிசையாக ஊட்டினார்கள். கடைசித் தம்பி வேண்டுமென்றே பெரிய துண்டாக அள்ளினார். புரூல் கண்ணில் நீர் வர எல்லாவற்றையும் விழுங்கினாள். மார்லென் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பெருமையாக இருந்தது.

திரும்பி வரும் வழியில் புரூல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"மேலத்தெரு ஓட்டு போச்சா என்னன்னு தெரியல. பெரியவரு மொகத்தப் பாத்தியா?" என்றார் மார்லென்.

"பேசாதீங்க. பேசினா வெளிய வந்துடும்."

கொஞ்ச தூரம் போனதும் அவளே வாய் திறந்தாள். "ஓட்டு போனாப் போவுது. அடுத்த தடவ நின்னுக்கலாம். பஸ் போச்சுன்னா நீங்க நாள் பூரா வீட்ல உக்காந்து என் உசிர வாங்குவீங்க. அதுக்கு இந்தக் கொழுப்பே தேவல."

மார்லென் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தெருவில் ஆள் பார்க்கிற நேரம்தான். பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் டாக்டரம்மா பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "பரவாயில்லையே, என்ன செஞ்சீங்க?"

"என் சம்சாரம் சாப்பிட்டா" என்றார் மார்லென். டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. கையெழுத்துப் போட்டார்.

அந்த வாரம் முழுக்க மினிபஸ்ஸில் அரசியல் பேச்சே இல்லை. மேலத்தெருப் பெண்கள் ஏறினார்கள், மார்லெனைப் பார்த்துச் சிரித்தார்கள், சந்தையில் இறங்கினார்கள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. மார்லெனும் கேட்கவில்லை. ஸ்டியரிங் பிடித்தவன் கேட்கக் கூடாது.

தேர்தல் முடிந்து ஜெயித்தவர்கள் பெயர்களை ஒட்டியபோது, பெண்களுக்கான இடங்களில் புரூல் பெயரும் இருந்தது. கடைசிப் பெயராகத்தான் இருந்தது, ஆனால் இருந்தது. மேலத்தெரு ஓட்டு இல்லாமல் அது நடந்திருக்காது என்று எல்லோருக்கும் தெரியும். ஷர்ஷெனிடம் யாரோ துணிந்து கேட்டுவிட்டார்கள். பெரியவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"என் கையால வாங்கித் தின்னவ. அவளுக்குப் போடாம வேற யாருக்குப் போடச் சொல்ற?"

அதற்கப்புறம் எந்த விருந்துக்குப் போனாலும், தாம்பாளம் பழக்க தோஷத்தில் முதலில் மார்லென் பக்கம் வரும். நடுவில் நின்று, யோசித்து, புரூல் பக்கம் திரும்பும். நல்ல எலும்பு அவளுக்கு, ஊட்டுகிற கையும் அவளுக்கு. மார்லெனுக்கு மாப்பிள்ளைப் பையன்களுக்கு வைக்கிற சின்ன எலும்பு. டாக்டரம்மா சொன்னதும் அந்த அளவுதான் என்று அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார். பனி விழ ஆரம்பிக்கும்போது புரூலுக்குப் பாவாடையில் இடுப்புப் பட்டி இறுகியது.

"நாளைலேருந்து நானும் நடக்குறேன்" என்றாள் ஒருநாள். அந்தப் பச்சை டிராக் சூட் அவளுக்கு அளவாக இருந்தது.

ஊர் எல்லைக்குப் போகும் வழியில் ஓமோரின் கார் வந்து நின்றது. ஓமோர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்ப ரெண்டு பேரையுமே வெரட்டிட்டாங்களா? யாருண்ணே மிச்சம் இருக்கா வீட்ல?"

"நாய் இருக்கு" என்றார் மார்லென்.

ஓமோர் சிரித்தார். பிறகு ஏதோ ஞாபகம் வந்து, மார்லென் பக்கத்து ஜன்னலில் தலையை நீட்டினார். "ஆமாண்ணே, கீழத்தெருக் கொழாய் என்ன ஆச்சு? இந்த வருஷம் தண்ணி வருமா?"

மார்லென் கட்டைவிரலால் மனைவியைக் காட்டினார்.

ஓமோர் காருக்குள்ளிருந்தே புரூலை எட்டிப் பார்த்தார். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார், காரைச் சுற்றிக்கொண்டு புரூல் பக்கம் போனார், தொப்பியைச் சரி செய்துகொண்டார். "மதினி, தண்ணி வருமா?" என்றார். புரூல் நிற்கவில்லை. நடந்துகொண்டே வால்வைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். கேட்டுக்கொண்டே ஓமோரும் கூட நடந்தார். கார் ரோட்டோரம் கதவு திறந்தபடி நின்றது. மார்லென் போய்க் கதவைச் சாத்திவிட்டு, அவர்களைப் பிடிக்கக் கொஞ்சம் வேகமாக நடந்தார்.